கயிறு இருக்கு, கப்பி இருக்கு... பழக்கம் எங்க இருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை வாசலில் ஆறு பெரிய பைக்குகள் நின்றன. செஞ்சி பக்கம் மலையடிவாரத்து மண் பாதைக்குப் போகிறார்களாம். நல்ல பிள்ளைகள். நான் பெஞ்சில் உட்கார வந்ததும் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு பைக்கின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. முன்னால் ஒரு குட்டி வின்ச். பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் பலகை. பட்டை, கொக்கி, கப்பி எல்லாம் ஒரு பையில்.

"இதெல்லாம் என்ன தம்பி?" என்றேன்.

"ரெக்கவரி கிட் சார். மாட்டிக்கிட்டா வண்டியை வெளிய எடுக்க. இது இருந்தா எங்க வேணா போலாம்."

"இதை வச்சி ஒரு தடவையாவது வண்டியை எடுத்திருக்கியா?"

"இன்னும் சந்தர்ப்பம் வரல சார்" என்று சிரித்தான்.

'இது இருந்தா எங்க வேணா போலாம்.' இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. இந்த வாக்கியம் என் மாணவன் ஒருவனின் மணிக்கட்டை உடைத்தது.

முதலில் என்னைப் பற்றி. நான் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்தவன். விக்கிரவாண்டி, மயிலம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தேன். என்னிடம் இருந்த வண்டிகள் ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு டிவிஎஸ் மொபெட். அவ்வளவுதான். 'வாத்தியாருக்கு அட்வென்ச்சர் பைக்கைப் பற்றி என்ன தெரியும்' என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் நெம்புகோல், கப்பி, சாய்தளம் இந்த மூன்றும் எனக்குத் தெரியும். எளிய எந்திரங்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். சேற்றில் மாட்டிய பைக்கை எடுப்பதற்கு அதைத் தாண்டி வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இப்போது மாணவன் கதை. பெயர் வேண்டாம். விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். நாலு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்து, 200 கிலோவை நெருங்கும் ஒரு பைக் வாங்கினான். அதற்கு மேல் ஒரு கடையில் 'முழு செட்' மீட்பு சாமான் வாங்கினான். கடைக்காரர் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். எப்படிப் பயன்படுத்துவது என்று ஐந்து நிமிஷம்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழையில் ஏரிகளில் எல்லாம் புது வண்டல் வந்து படிந்தது. பிப்ரவரியில் மேலே காய்ந்து ஓடு மாதிரி வெடித்திருக்கும். அடியில் கொழகொழவென்று களி. ஊர்க்காரன் மாட்டைக்கூட அதில் இறக்க மாட்டான். அப்படி ஒரு ஏரிக்குள் இவனும் இரண்டு நண்பர்களும் வண்டியை விட்டார்கள். ஐம்பது அடி போனதும் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது.

வின்ச்சைப் போட்டார்கள். இரும்புக் கயிறு கரையில் இருந்த வேலிக் கல் வரை எட்டவில்லை. இன்னொரு வண்டியை இழுப்பதற்கென்று விற்கும், ரப்பர் மாதிரி இழுபடும் பட்டையைக் கல்லில் கட்டி, அதோடு கயிற்றைச் சேர்த்தார்கள். வின்ச் முனகியது, வண்டி அசையவில்லை. "கப்பி போட்டா பலம் டபுள்" என்று ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. பட்டையின் முனையில் இரும்புக் கப்பியை மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் திருப்பி வண்டியிலேயே கட்டினார்கள். மறுபடி சுவிட்சை அழுத்தினார்கள். வண்டி லேசாக அசைந்தது. கல் தரையோடு முறிந்தது. இழுபட்டிருந்த பட்டை சுருங்கி, கப்பியை அப்படியே திருப்பி அடித்தது. வண்டிக்குப் பக்கத்தில் நின்றவனின் வலது மணிக்கட்டில் பட்டது.

தலையில் படவில்லை. இந்த இரண்டு சொல்லை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

108 வந்து அழைத்துப் போனது. உள்ளே பிளேட் வைத்தார்கள். லேத் ஓட்டுகிறவனுக்கு வலது கை இல்லையென்றால் கூலி இல்லை. மூன்று மாசம் வீட்டில் இருந்தான். பார்க்கப் போனபோது அவன் அம்மா, "சார், நீங்க சொன்னா கேப்பான், நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றார். நான் என்ன சொல்வது? அவனுக்குக் கப்பியைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

மறுநாள் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். மூன்று தவறு. மூன்றும் என் பாடத்தில் இருந்தவை.

ஒன்று: பட்டையைக் கல்லின் உச்சியில், நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தார்கள். குனிய சோம்பல். நாலடி உயரத்தில் இழுத்தால் அந்தக் கல்லே ஒரு நெம்புகோல். அடிப்பாகத்தை ஒடிக்க நாமே நீளக் கழி கொடுத்த மாதிரி. தரையை ஒட்டிக் கட்டியிருந்தால் அதே கல் தாங்கியிருக்கலாம்.

இரண்டு: கப்பி போட்டால் வண்டி மீது விழும் இழுவை இரட்டிப்பாகும், உண்மை. கல்லின் மீது விழும் இழுவையும் இரட்டிப்பாகும் என்பதும் அதே அளவு உண்மை. கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். பத்து கிலோ வாளியை நீங்கள் இந்தப் பக்கம் பத்து கிலோ விசையில் இழுக்கிறீர்கள். மேலே இருக்கும் உத்திரம் இருபது கிலோ தாங்குகிறது. உத்திரம் உளுத்திருந்தால் என்ன ஆகும்?

மூன்று: இழுபடும் பட்டை என்பது கவண் கல்லின் ரப்பர். அதன் நுனியில் இரும்பை மாட்டுகிறவன் கவணில் கல்லை வைத்துத் தன் முகத்துக்கே குறி வைக்கிறான்.

இனி வண்டி எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். நூறு நாள் வேலைக்கு வந்திருந்த இரண்டு அம்மாக்களும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் வந்தார்கள். வண்டியை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். சக்கரம் களியை விட்டுப் பிரிந்து மேலே வந்தது. இருந்த பள்ளத்தில் மண்வெட்டியால் காய்ந்த மண்ணைத் தள்ளி மூடினார்கள். மேலே பனை மட்டையும் ஒரு பழைய சாக்கும். வண்டியை நிமிர்த்தினார்கள். ஒருவன் முதல் கியரில் மெதுவாக விட, மற்றவர்கள் தள்ளினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

'அப்படியானால் மீட்பு சாமான் எல்லாம் வீண் என்கிறீர்களா?' இல்லை. அப்படிச் சொல்கிற கூட்டத்தோடும் எனக்குச் சண்டை உண்டு. அதற்கு வருகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

அந்தப் பையனின் சாமான்களைப் பழைய இரும்புக் கடைத் தராசில் நானே வைத்துப் பார்த்தேன். பெட்டி இரண்டு, வின்ச், அதன் தாங்கி, பலகை, கொக்கிகள் எல்லாம் சேர்த்து 34 கிலோ. ஆறாவது படிக்கும் ஒரு பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சேற்றுக்குள் போவதற்குச் சமம். நம் ஒரகடம், வல்லம் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கே 196 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அதைவிடக் கிட்டத்தட்ட 40 கிலோ குறைவு. நம் ஊர் வரப்பில் நெல் மூட்டையோடு போகிறதே டிவிஎஸ் எக்ஸ்எல், அது 90 கிலோவுக்கும் கீழே. அது மாட்டினால் ஒரு ஆள் இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் பீடி பற்ற வைப்பான். எக்ஸ்எல்காரன் மீட்பு சாமான் எதுவும் வைத்திருப்பதில்லை. எடை குறைவாக இருப்பதுதான் அவனுடைய மீட்பு சாமான். நாமோ மாட்டினால் எடுப்பதற்காக 34 கிலோ ஏற்றுகிறோம். அந்த 34 கிலோவால்தான் மாட்டுகிறோம்.

அடுத்தது வின்ச். முழு இழுவையில் இப்படிப்பட்ட மின்சார வின்ச் 100 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். பைக் பேட்டரி 8 அல்லது 9 ஆம்பியர்-மணி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் அது உற்பத்தி செய்யும் மின்சாரம் அதில் கால் பங்குக்கு எட்டினால் அதிகம். சில நிமிஷத்தில் பேட்டரி படுத்துவிடும். இந்தக் காலத்து வண்டிகளில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரும் இல்லை. சேற்றில் மாட்டிய வண்டி, இப்போது சேற்றில் மாட்டிய செத்த வண்டி. வின்ச் ஜீப்புக்குச் சரி. இரண்டு சக்கரத்துக்கு அது அலங்காரம்.

இனி இன்னொரு கூட்டம். என் வயதுக்காரர்கள். "வேலையத்த பசங்க, ரோடு இருக்கும்போது ஏரியில எதுக்கு ஓட்றான்?" என்கிறவர்கள். ஐயா, ரோடே ஏரியான நாள் நமக்கு வரவில்லையா? 2024 டிசம்பர் 2-ம் தேதி அரசூர் பக்கம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அந்த வாரம் நம் தெருக்களில் எத்தனை வண்டி சேற்றில் புதைந்து கிடந்தது? தண்ணீர் புகுந்த எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து எத்தனை பேர் கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார்கள்? பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பால் கேனோடு போகிறவருக்கும், மருந்து வாங்கப் போகிறவருக்கும், வயலுக்குப் போகிறவருக்கும் வண்டியை மீட்கத் தெரிய வேண்டும். இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக் கலை மட்டும் இல்லை. ஆகவே 'போகாதே' என்பது பதில் ஆகாது. 'தெரிந்துகொண்டு போ' என்பதுதான் பதில்.

உலகத்தில் இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்களில் ஒருவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920-களின் கடைசியில் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவன மணலைத் தாண்டினார். சக்கரத்துக்கு அடியில் வைக்க அவர் பயன்படுத்திய இரும்புத் தகடுகள் கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தவை. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினார். மணல் எப்படி நகர்கிறது, எங்கே இறுகும், எங்கே இளகும் என்று வருஷக்கணக்காகப் பார்த்து, 1941-ல் அதைப் பற்றி ஒரு அறிவியல் நூலே வெளியிட்டார். இன்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் ஆரஞ்சுப் பலகையின் தாத்தா அந்தப் பழைய இரும்புதான். நாம் பலகையை வாங்கிக்கொண்டோம். பார்ப்பதையும் பழகுவதையும் கடையில் விற்கவில்லை, அதனால் வாங்கவில்லை.

சரி வாத்தியாரே, எதைத்தான் எடுத்துப் போவது? என் கணக்கில் எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது.

1. காற்றடிக்கும் பம்பும், காற்று அளவு பார்க்கும் கருவியும். மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மணலில் முக்கால்வாசி வண்டிகள் மாட்டுவது காற்று அதிகமாக இருப்பதால்தான். ரோட்டில் 30 இருக்கும் டயரை 20-க்கு இறக்கினால் அது மணலில் அகலமாக உட்காரும், வண்டி தானே ஏறும். டியூப் டயராக இருந்தால் அதற்கும் கீழே இறக்காதீர்கள். ரிம்மில் டயர் வழுக்கி வால்வைக் கிழித்துவிடும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துவிடுங்கள். பம்ப் இல்லாதவன் காற்றை இறக்கவே கூடாது.

2. பஞ்சர் சாமான். டியூப் வண்டிக்கு ஒரு புது டியூப், டயர் கழற்றும் இரண்டு லீவர்.

3. இழுபடாத நல்ல கயிறு 50 அடி. மரத்தில் சுற்ற அகலமான துணிப்பட்டை ஒன்று. இரும்புக் கொக்கி வேண்டாம். முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்.

4. ஒரு சின்ன மண்வெட்டி.

5. இரண்டு சாக்கு. ஈரச் சாக்கை இழுக்கும் கயிற்றின் நடுவில் போட்டு வையுங்கள். கயிறு அறுந்தால் துள்ளலைக் குறைக்கும். மாட்டினால் சக்கரத்துக்கு அடியிலும் போடலாம்.

6. கூட ஒரு ஆள். மற்ற ஐந்தும் இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டும்.

'இந்தக் கயிறை வைத்து 200 கிலோ வண்டியை எப்படி இழுப்பது?' சொல்கிறேன். வண்டியின் சேசிஸிலோ, ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கைச் சேர்த்துப் பிடிக்கும் இடத்திலோ ஒரு முனை. ஹேண்டிலில் கட்டாதீர்கள். இன்னொரு முனை முப்பது அடி தள்ளி ஒரு பனையின் அடிமரத்தில், முறுக்காக. இப்போது கயிற்றை நேராக இழுக்காமல், நடுவில் வேறொரு கயிறு கட்டித் தள்ளி நின்று பக்கவாட்டில் இழுங்கள். கயிறு ஐந்து டிகிரி வளையும்போது, உங்கள் விசையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு வண்டியில் விழும். ஒன்றே கால் அடி இழுத்தால் வண்டி ஒன்றே கால் அங்குலம்தான் நகரும். ஓர் ஆள் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துப் பிடித்துக்கொள்ள, கயிற்றை மறுபடி முறுக்கி மறுபடி இழுக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் பேட்டரி தீராது. ஒன்று நினைவிருக்கட்டும், ஆறு மடங்கு விசை கயிற்றுக்கும் மரத்துக்கும் சேர்த்துத்தான். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

ஒவ்வொரு சாமானையும் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை ஒரு கையால் தூக்க முடியுமா? வீட்டு வாசலில் மூன்று தடவையாவது செய்து பார்த்துவிட்டேனா? இது அறுந்தால் எங்கே போய் அடிக்கும்? மூன்றுக்கும் பதில் இல்லாத பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவெளி, 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த சதுப்பு. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் 'ரெக்கவரி பிராக்டிஸ்' என்று வண்டியை இறக்குகிறவர்களுக்குக் கயிறு கொடுக்க நான் தயாராக இல்லை. சில இடங்களில் வண்டியை மீட்கும் ஒரே நல்ல வழி, இறக்காமல் இருப்பது.

கடைசியாக, கோபம் யார் மீது? கடைக்காரர் மீது இருக்கிறது. 'எங்க வேணா போலாம்' என்று வீடியோ போடுகிறவர்கள் மீது இருக்கிறது. என் மீதும் இருக்கிறது.

வருஷா வருஷம் கரும்பலகையில் கப்பி வரைந்தேன். அம்புக்குறி போட்டேன். 'இயக்க ஆதாயம்' என்று எழுத வைத்தேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினார்கள். ஒரு நாளாவது ஒரு கப்பியையும் ஒரு கயிற்றையும் அவர்கள் கையில் கொடுத்து, மைதானத்து வேப்பமரத்தில் கட்டி, 'இழுத்துப் பாருங்கடா, மரத்தின் மீது எவ்வளவு விழுகிறது பாருங்கடா' என்று நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த ஏரிக்கரையில் அவனுக்குக் கல்லைப் பற்றிய நினைப்பு வந்திருக்கும். 'பலம் டபுள்' என்று பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள். பாதியைத்தான் நான் பதிய வைத்தேன்.

அவன் இப்போது வேலைக்குப் போகிறான். மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. வின்ச்சை விற்றுவிட்டான். பைக்கை விற்கவில்லை, விற்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. "சார், அந்தக் கப்பிப் பாடத்தை இன்னொரு தரம் எடுங்க" என்றான்.

எடுக்கலாம் என்று இருக்கிறேன். வரும் இரண்டாவது ஞாயிறு காலை ஆறரை மணிக்கு என் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில். ஒரு பழைய மொபெட், 50 அடிக் கயிறு, இரண்டு சாக்கு, ஒரு மண்வெட்டி இருக்கும். டீக்கடையில் பார்த்த பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். என் வயதுக்காரர்களும் வரலாம், திட்டுவதற்கு இல்லை, பிடித்து இழுப்பதற்கு.

பெரிய பைக் வைத்திருக்கும் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.